மின்சாரம் கேட்டுப் போன ஒன்பது பேர்

நவாஃபின் புதுக் காருக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. இறக்கத்தில் அது சம்பாதித்தது. தபர்பூர் மேட்டிலிருந்து நகரத்தின் நடுவுக்கு இறங்கும்போது, பிரேக்கில் கால் வைக்க வைக்க, பேட்டரியின் எண் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டாகும், எழுபத்து மூன்றாகும். ஜோர்டானின் தலைநகர் அம்மான் முழுக்க மேடும் பள்ளமும்தான். பதினைந்து வருடம் அந்த மேடுகளைத் திட்டிக்கொண்டே வாடகைக் கார் ஓட்டியவன், இப்போது ஒவ்வோர் இறக்கத்துக்கும் மனதுக்குள் நன்றி சொன்னான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த எண்ணைக் காட்டுவான். பாதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். அதற்காக அவன் காட்டுவதை நிறுத்தவில்லை.

கெட்ட குணமும் ஒன்று இருந்தது. அதற்கு வீட்டில் சாப்பாடு போட வேண்டும். வெளியில் சார்ஜ் போடலாம்தான், ஆனால் அங்கே வரிசை இரண்டு மணி நேரம். வரிசையில் நிற்கிற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு உலகத்தையே திருத்திவிடுவார்கள், அதற்குள் காலைச் சவாரி எல்லாம் போய்விடும்.

வீட்டில் சார்ஜர் வைக்க ஒரே ஒரு காகிதம் வேண்டியிருந்தது. பழைய பெட்ரோல் காரைக் கொடுத்தால் மின்சாரக் காருக்கு வரி குறைப்போம், ஆனால் அறுபது நாளுக்குள் வீட்டில் சார்ஜர் வைக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத் திட்டம். அதில் கட்டடத்தின் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்காவிட்டால் கார் விற்றவனிடமே திரும்பிப் போகும். பழைய காருக்குத் திரும்பவும் வழியில்லை. அதை நசுக்கி ஒரு பெரிய பெட்டி அளவுக்கு ஆக்கியதை நவாஃப் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான், கொஞ்சம் அழுதும் இருந்தான். அறுபதாவது நாள் வரும் ஞாயிற்றுக்கிழமை, அங்கே அது வேலை நாள்தான். ஐந்து கையெழுத்து வந்துவிட்டது, ஆறாவது வரவில்லை. அது வராவிட்டால் முப்பத்தாறு வயதில் நவாஃப் காரில்லாத கார் டிரைவர்.

ஆறாவது கையெழுத்து தரைத்தளத்து அபூ ஸுஹைருடையது. ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, நேரான முதுகு, அதைவிட நேரான மீசை. வண்டி நிறுத்தும் இடம் அவருடைய படுக்கையறை ஜன்னலை ஒட்டியே இருந்தது. எந்தக் காகிதமும் முறைப்படி தன் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். நவாஃப் என்ன செய்தான்? மேலிருந்து ஆரம்பித்து ஐந்து வீட்டிலும் தானே போய்க் கையெழுத்து வாங்கினான். கடைசி வீட்டுக்கு வரும்போது ஒரு சவாரி வந்துவிட்டது. காகிதத்தை வாட்ச்மேன் ஸப்ரியிடம் கொடுத்துவிட்டு ஓடினான். ஸப்ரி அதை அபூ ஸுஹைர் வீட்டு ரொட்டிப் பைக்குள் செருகிக் கொண்டுபோய்க் கதவில் மாட்டினான்.

காகிதம் கையெழுத்தில்லாமல், கசங்கி, அதே பையில் திரும்பி வந்தது. இந்த மாதிரிக் கார்கள் தீப்பிடிக்கும், என் தலைமாட்டில் நெருப்பை வைத்துக்கொண்டு நான் தூங்க முடியாது என்று ஸப்ரி மூலமாகவே பதிலும் வந்தது.

நவாஃப் போய் விளக்கினான். விளக்கினான் என்பதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் கார்கள்தான் அதிகம் எரிகின்றன என்று நிரூபிக்கப் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். அவன் அவசரத்தில் போட்டது வேறொன்று. அதில் ஒரு மின்சாரக் கார் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. அபூ ஸுஹைர் முழுதும் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்ததாக அவனுடைய தாய் உம்மு நவாஃப் களத்தில் இறங்கினாள். பெண்களிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்பது அவள் கணக்கு. பேரீச்சம்பழம் வைத்த மஅமூல் ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனாள். அபூ ஸுஹைரின் மனைவி உம்மு ஸுஹைர் இருமிக்கொண்டே வரவேற்றாள், டீ வந்தது. சார்ஜர் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று உம்மு நவாஃபுக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டைப் புகழ்ந்தாள். அப்புறம் டீயைப் புகழ்ந்தாள். அப்புறம் டீ கொண்டுவந்த மகள் ருதைனாவைப் புகழ்ந்தாள். ருதைனாவுக்கு முப்பத்தொன்று, ஒரு குழாய்த் தொழிற்சாலையில் மின் பொறியாளர், தினம் இரண்டு மினி பஸ் மாறிப் போகிறவள். என்ன நிறம், என்ன அடக்கம், என்ன படிப்பு என்று ஒரு மணி நேரம் புகழ்ந்துவிட்டு, சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், காலித் தட்டோடு மேலே வந்துவிட்டாள். தரைத்தளத்தில் நல்ல பெயர் எடுத்துவிட்டேன், இனி ஆண்கள் பேசிக்கொள்ளட்டும் என்று மகனிடம் பெருமையாகச் சொன்னாள்.

மணமாகாத மகனை வைத்திருக்கிற ஒருத்தி, மணமாகாத மகளை வைத்திருக்கிற வீட்டுக்கு இனிப்போடு போய், ஒரு மணி நேரம் அந்த மகளைப் புகழ்ந்துவிட்டு வந்தால் அம்மானில் அதற்கு என்ன அர்த்தம் என்பது நவாஃபுக்கும் உறைக்கவில்லை. அவனுக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறெதுவும் உறைக்கவில்லை.

ஆகக் கடைசியில் ஹாஜி ஷாஹிரிடம் போனான். பழைய தலைமை ஆசிரியர். நாற்பது வருடமாக அந்தப் பக்கத்து ஜாஹாக்களுக்கு அவர்தான் தலைமை. பெண் கேட்பதாக இருந்தாலும் சரி, வெட்டுக்குத்தைத் தீர்ப்பதாக இருந்தாலும் சரி, பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு போய் உட்காருவார். முதல் காப்பிக் கோப்பை அவர் கைக்கு வரும், குடிக்காமல் கீழே வைப்பார், கேட்டது கிடைத்த பிறகே எடுப்பார். இதுவரை ஒரு கோப்பையும் குடிக்காமல் திரும்பியதில்லை. சார்ஜருக்கு ஜாஹாவா என்று முதலில் சிரித்தார். பிறகு ரொட்டிப் பை விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த மனிதருக்கு நெருப்பு ஒரு சாக்கு, மரியாதைதான் விஷயம், போவோம் என்றார். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நவாஃபுக்காகச் சில பெரியவர்கள் வருகிறோம் என்று அபூ ஸுஹைருக்குப் போன் செய்தார். எதற்கு என்று போனில் சொல்லும் வழக்கமில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை.

அன்று ஒன்பது பேர் போனார்கள். நவாஃப் தன் ஒரே கோட்டைப் போட்டிருந்தான். உள்பையில் ஒரு புது விண்ணப்பப் படிவம் இருந்தது.

வாசலிலேயே அவனுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. படி கழுவியிருந்தது. ஜன்னல் திரைச்சீலைகள் பால்போல் வெளுத்திருந்தன. அவை வெள்ளை என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும், ஒன்பது வருடமாகச் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தான். உள்ளே பக்கத்து வீட்டு நாற்காலிகளும் போட்டிருந்தன. இர்பித் நகரத்திலிருந்து அபூ ஸுஹைரின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். நடுவில் மேசை அகலத்துக்கு ஒரு குனாஃபா இனிப்புத் தட்டு. அபூ ஸுஹைர் அவனைத் தழுவி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஜாஹாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நவாஃப் அசந்துபோனான். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

காப்பி வந்தது. ஹாஜி ஷாஹிர் கோப்பையை வாங்கினார், மேசைமேல் வைத்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு இறைவனைப் புகழ்ந்து ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை. அபூ ஸுஹைர் கையைத் தூக்கித் தடுத்தார்.

“ஹாஜி, என் வீட்ல உங்களைக் கெஞ்ச விடுவேனா? காப்பியக் குடிங்க. எதுக்கு வந்தீங்களோ அது கொடுத்தாச்சு.”

அறை முழுக்கப் பெருமூச்சு. கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் பெருந்தன்மையில் பெரியது. ஹாஜி முகம் மலர்ந்து கோப்பையை எடுத்தார். நவாஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கார், காலைச் சவாரி எல்லாம் ஒரே நொடியில் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டன.

அப்போது இர்பித் தம்பி முன்னால் சாய்ந்து, ஒரே ஒரு நிபந்தனை என்றார்.

“பொண்ணு வேலைக்குப் போவா. கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்தக் கூடாது. இதை இப்பவே பேசிடறது நல்லது.”

ஹாஜி ஷாஹிரின் கோப்பை உதட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. மற்ற ஏழு பேரும் நவாஃபைப் பார்த்தார்கள். நவாஃபுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரைச்சீலை, குனாஃபா, முத்தம், மஅமூல் தட்டு எல்லாம் வரிசையாக வந்து அவன் தலைக்குள் உட்கார்ந்தன.

ஹாஜி நாற்பது வருட அனுபவசாலி. வாயை அசைக்காமலே அவன் காதுப் பக்கம் பேசினார். “வாயத் தொறக்காத. வார்த்தை கொடுத்துட்டார். முதல்ல கையெழுத்து, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

யோசித்துப் பார்த்தால் அது நடக்கக்கூடியதுதான். இன்று தலையாட்டிவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்து ஏதாவது காரணம் சொல்லி விலகிவிடலாம். ஊரில் செய்யாதவர்களா? ஆனால் நடைக்கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள், ருதைனாவும் இருப்பாள். ஒரு ப்ளக்குக்காக அவளைப் பெண் கேட்டுவிட்டுப் பிறகு விட்டுவிட்டான் என்று ஆறு வீட்டிலும் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவளுடைய இரண்டு மினி பஸ்ஸிலும் ஏறும். உண்மையை இப்போது சொன்னாலும் அவமானம்தான், ஆனால் அது அவனோடு போகும். அதை நினைத்ததும் நவாஃப் எழுந்து நின்றுவிட்டான். எழுந்த பிறகு உட்கார முடியாது, எல்லோரும் பார்க்கிறார்கள்.

“மாமா, தப்பு எங்க மேல. நாங்க வந்தது சார்ஜர் கையெழுத்துக்கு. உம்மா அன்னிக்கு வந்ததும் அதுக்குத்தான், சொல்ல வாய் வராமப் போயிட்டாங்க. உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. அவங்களைக் கேக்கற தகுதியோட நான் வரல. நீங்க கொடுத்த வார்த்தையை நீங்களே எடுத்துக்கங்க, நான் கேக்க மாட்டேன்.”

இதைச் சொல்லும்போது காரைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி அவன் கண்முன் வந்து நின்றது. சொல்லி முடித்ததும் என்னவோ லேசாக இருந்தது என்று சொன்னால் பொய். பயமாகத்தான் இருந்தது.

அபூ ஸுஹைரின் முகம் மீசை வரை சிவந்தது. தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஹாஜி ஷாஹிர் தன் நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நிறைந்த கோப்பையைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

நடைக்கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. கதவு முழுதாகத் திறந்தது. ருதைனா நின்றாள், கையில் ஒரு காகிதம். நவாஃபின் பழைய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். கசங்கிய அசலை அவளே இஸ்திரி போட்டு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் பைக்குள் திருப்பி வைத்திருக்கிறாள். இஸ்திரி போட்டும் அது கசங்கித்தான் போயிருந்தது என்பது வேறு விஷயம்.

“எனக்குத் தெரியும் வாப்பா,” என்றாள். “கடைசி நாள் ஞாயித்துக்கிழமைன்னு இதுல அச்சடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஒன்பது பேரு வேற எதுக்கு வருவாங்க?”

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று தகப்பன் கேட்டார். குரல் கோபமாக வரவில்லை, உடைந்து வந்தது.

சொன்னால் நீங்கள் கதவையே திறந்திருக்க மாட்டீர்கள் என்றாள். அதோடு உம்மா ஒன்பது வருடமாகத் தொடாத திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தாள், அதை ஏன் கெடுப்பானேன் என்றும் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். துவைத்தபோது மூன்று வாளித் தண்ணீர் கறுப்பாகப் போனதாம். ஒன்பது வருடம் தினமும் காலை ஐந்தரை மணிக்கு நவாஃபின் பழைய கார் இந்த ஜன்னலுக்குக் கீழே நின்று சூடேறும். கண்ணாடி சாத்தியிருந்தாலும் வீட்டுக்குள் பெட்ரோல் வாசம்தான். உம்மு ஸுஹைரின் இருமலுக்குப் போகாத டாக்டர் இல்லை.

நவாஃப் தலையைக் குனிந்துகொண்டான். ஐந்தரை மணி அவனுக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்பது மட்டும் இத்தனை வருடம் தோன்றவேயில்லை.

“ஒன்பது வருஷம் புகை வந்தப்ப யாரும் நம்மகிட்ட கையெழுத்துக் கேக்கல வாப்பா,” என்றாள் ருதைனா. “புகை வராம இருக்கத்தான் இப்ப கேக்கறாங்க. அதுக்கு மாட்டேன்னுட்டீங்க.”

உள்ளே உம்மு ஸுஹைர் இருமியது கேட்டது. அபூ ஸுஹைர் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நவாஃபை உட்காரச் சொன்னார்.

“ஒன்பது பேரு எதுக்குத் தம்பி? மொதல்லயே நீ ஒருத்தன் வந்து கதவைத் தட்டியிருந்தா வாசப்படிலயே போட்டுக் கொடுத்திருப்பேன். ரொட்டிப் பையில வெச்சு அனுப்புன. அஞ்சு வீட்டுக்கு நீ, எனக்கு ஸப்ரி.”

நவாஃப் கோட்டின் உள்பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தான். அதில் ஆறு கோடுகள், ஆறும் காலி. வியாழக்கிழமையே அலுவலகத்துக்குப் போய் வாங்கி வந்திருந்தான். மற்ற ஐந்து பேரிடமும் இனி மறுபடி வாங்க வேண்டும். முதல் கோடு உங்களுக்கு என்று சொல்ல நினைத்தான், சொல்ல வேண்டியிருக்கவில்லை. தபால் ஆபீஸில் முப்பது வருடம் காகிதம் பார்த்த மனிதர், வெறும் கோடுகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ள அவருக்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று.

ஆனால் பெண் வீட்டுக்காரர் கையெழுத்தையும் சும்மா கொடுத்துவிடுவாரா? நிபந்தனை போட்டார். சார்ஜர் படுக்கையறைச் சுவரில் கூடாது, தள்ளி எலுமிச்சை மரத்துச் சுவரில். பக்கத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்புக் கருவி, தேதி பார்த்து மாற்ற வேண்டியது நவாஃபின் பொறுப்பு. ருதைனா நடுவில் புகுந்து கம்பி இரண்டு காருக்குத் தாங்குகிற மாதிரி கனமாக இருக்க வேண்டும் என்றாள். இரண்டாவது கார் யாருடையது என்று தகப்பன் கேட்டதற்கு, என்னுடையது, அடுத்த வருடம் வாங்குவேன், மினி பஸ்ஸில் போனது போதும் என்றாள். அதையும் அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். ஹாஜி ஷாஹிர் எல்லாவற்றுக்கும் பெண் வீட்டாரிடம் தலையாட்டுகிற மாதிரியே பயபக்தியோடு தலையாட்டினார்.

அபூ ஸுஹைர் முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து, இரண்டாவது கோட்டிலும் கொஞ்சம் இறங்கியது. பேனாவை மூடிக்கொண்டே நவாஃபைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

“ஒரு ப்ளக்குக்கு ஒன்பது பேரா வந்தீங்க. நெஜமாவே பொண்ணு கேக்க வந்தா எத்தனை பேரு வருவீங்க?”

“அதுக்கு முதல்ல எங்கிட்டக் கேக்கணும்,” என்றாள் ருதைனா. “கடைசியா இல்ல. ரொட்டிப் பையிலயும் இல்ல.”

இர்பித் தம்பிதான் முதலில் சிரித்தார். அப்புறம் அடக்க ஆளில்லை. காப்பி ஆறிப்போயிருந்ததால் வேறு போட்டு வந்தது, ஹாஜி ஷாஹிர் இரண்டு கோப்பை குடித்துத் தன் கணக்கை நேராக்கிக்கொண்டார். குனாஃபாவில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. மாடியில் செய்தி கேட்ட உம்மு நவாஃப் தலையில் அடித்துக்கொண்டாள். நான் சார்ஜர் என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பேனே என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு கோடும் நிறைந்த படிவத்தைக் கொடுக்க நவாஃபோடு அபூ ஸுஹைரும் கிளம்பினார். காகிதத்தை நானே கையில் வைத்திருப்பேன் என்றார். காலை எட்டு மணி, கார் சத்தமில்லாமல் ஜன்னலைக் கடந்தது, வெள்ளைத் திரைச்சீலை அசையவில்லை. இறக்கத்தில் எண் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டானபோது நவாஃப் வழக்கம்போல் விரலால் காட்டினான். அபூ ஸுஹைர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உற்றுப் பார்த்தார். எழுபத்து மூன்றானதும், வேறு நீளமான இறக்கம் ஏதாவது இருந்தால் அந்த வழியாகப் போ, அலுவலகம் ஓடிவிடாது என்றார். நவாஃபுக்கு அவ்வளவு சந்தோஷமாக ஒரு சவாரி அமைந்ததேயில்லை.

அனுமதி வந்தது, எலுமிச்சை மரத்துச் சுவரில் சார்ஜர் ஏறியது, பக்கத்தில் தீயணைப்புக் கருவியும் ஏறியது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, நவாஃப் இரண்டு மாடி இறங்கினான். கோட் போட்டுக்கொள்ளவில்லை. உம்மாவிடம் சொல்லவில்லை, ஹாஜி ஷாஹிருக்குப் போன் செய்யவில்லை, கையில் காகிதம் எதுவும் இல்லை. கதவைத் தட்டினான். திறந்த உம்மு ஸுஹைரிடம் ஸலாம் சொல்லிவிட்டு, ருதைனாவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும், வேறு யாரிடமும் இன்னும் கேட்கவில்லை என்றான்.